தலைக்குக் கரண்ட் வைத்து 6 வருஷம் ஆச்சு, ஸ்கேன் சுத்தம். பிள்ளை மட்டும் ஏன் மெதுவாகிக்கொண்டே போகிறாள்?

மல்லிகைச்செடி | செவ்வாய், இரவு 11:20

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

என் பெரிய மகளுக்கு 6 வயதில் சிறுமூளையில் கட்டி. மெடுல்லோபிளாஸ்டோமா என்றார்கள். ஆபரேஷன், அப்புறம் 30 நாள் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை (தலைக்கும் முதுகுத்தண்டுக்கும்), அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கீமோ. இப்போது 12 வயது, ஏழாவது படிக்கிறாள். போன மாதமும் எம்ஆர்ஐ எடுத்தோம். "சுத்தமா இருக்கும்மா, அடுத்த வருஷம் வாங்க" என்றார் டாக்டர். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம் வேண்டினோம், அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் வீட்டில் நடப்பது வேறு. மூன்றாவது வரைக்கும் ஓரளவு சமாளித்தாள். நாலாவதிலிருந்து பின்தங்க ஆரம்பித்தாள். போர்டில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் மிஸ் அழித்துவிடுகிறார். கணக்கு தெரியும், ஆனால் பரீட்சை நேரம் போதாது. சாயங்காலம் 6 மணிக்கு வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் 10 ஆகிறது. இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நடக்கும். காலை ப்ரேயர் வரிசையில் எப்போதும் முதல் ஆள் இவள்தான். தங்கச்சிக்கு 9 வயது, உயரத்தில் இவளைத் தாண்டிவிட்டாள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் சின்னவளைப் பார்த்து "அக்காவுக்கு என்ன கலர்?" என்கிறார்.

நேற்று டைரியில் மிஸ் எழுதி அனுப்பியிருந்தார்: "சோம்பேறித்தனம் அதிகம். வீட்டில் செல்லம் குறைக்கவும்." ராத்திரி 10 மணிக்கு அவள் மூன்றாம் கணக்கிலேயே உட்கார்ந்திருந்தாள். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.

இது கரண்டால் வந்ததா, அல்லது நிஜமாகவே நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரண்ட்காரன் | புதன், காலை 6:05

அக்கா, உங்கள் மகளுக்குப் பதிலாக நானே பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 37, கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். 5 வயதில் ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல். மூளைக்குப் பரவக்கூடாது என்று முன்கூட்டியே தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். என் தாளில் இருப்பது 18 கிரே (கதிரை அளக்கும் கணக்கு), 10 நாள். அந்தக் காலத்தில் இங்கே பெரும்பாலும் அதுதான் முறை. எம்சிபி 841 என்று ஒரு சிகிச்சைத் திட்டம், 84ஆம் வருஷம் சென்னை, மும்பை, டெல்லி மூன்று ஊரும் சேர்ந்து தொடங்கியது. நான் அந்த வகையறா.

சோம்பேறிப் பட்டம் நானும் வாங்கியவன்தான். எட்டாம் வகுப்பில் ஒரு சார் என்னை "ஆமவடை" என்றுதான் கூப்பிடுவார்.

உள்ளே எப்படி இருக்கும் தெரியுமா? புத்தி இல்லாமல் போய்விட்ட மாதிரி எல்லாம் இருக்காது. மற்றவர்களுக்குப் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் என்றால் எனக்கு டவுன் பஸ். எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் போகும், ஆனால் போய்விடும். நடுவில் யாராவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று தட்டினால் இறங்க வேண்டிய இடமே மறந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. சாயங்காலம் 4 மணிக்கு மேல் மூளை ஷட்டர் போட்டுவிடும். இன்றைக்கும் அப்படித்தான், கஷ்டமான ஃபைல் எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவேன்.

அடித்ததை நினைத்து உருக வேண்டாம். ஆனால் ஸாரி கேட்டுவிடுங்கள். அவளுக்கு அது மறக்காது. எங்களுக்கு மறப்பது வேற சமாசாரம்.

கதிர்மேசை | புதன், பகல் 2:40

நான் கதிரியக்கச் சிகிச்சைத் துறையில் வேலை பார்க்கும் டாக்டர். இங்கே பொதுவாகத்தான் சொல்ல முடியும், உங்கள் மகளின் தாள்களைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன்.

கரண்ட் என்று சொல்கிறோமே, அது மின்சாரம் இல்லை, எக்ஸ்ரே போன்ற கதிர், வீரியம் பல மடங்கு. சிறுமூளையில் வரும் இந்தக் கட்டி தண்டுவட நீர் வழியாக எங்கும் விதை போட்டுவிடும். அதனால் மூளை முழுவதும், முதுகுத்தண்டு முழுவதும் கதிர் கொடுக்கிறோம். பரவாத கட்டி என்றால் வழக்கமாக 23.4 கிரே, 13 நாள். பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் மிச்ச நாள், மொத்தம் 54 கிரே. நீங்கள் சொல்லும் 30 நாள் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. பரவியிருந்தால் முழு மூளைக்கே 36 கிரே.

இந்தக் கதிர் மூளையில் எதைக் கெடுக்கிறது என்றால், முக்கியமாக நரம்பிழை மேல் இருக்கும் கொழுப்பு உறையை. ஒயர் மேல் ரப்பர் இருப்பது போல. அது சரியாக வளராவிட்டால் செய்தி போகும், மெதுவாகப் போகும். முன்மூளைப் பகுதியில் இந்த உறை உருவாவது இருபது வயதைத் தாண்டியும் நடக்கும் வேலை. அதனால்தான் கதிர் கொடுத்த வருஷமே ஒன்றும் தெரிவதில்லை. வகுப்பு ஏற ஏற, பாடம் கனக்கக் கனக்க வெளியே தெரியும். உங்கள் மகளுக்கு நாலாம் வகுப்பில் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று. சிகிச்சைக்குப் பிறகு ஐக்யூ ஆண்டுக்கு 2 முதல் 4 புள்ளி வரை இறங்குவதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுப் பெற்றோர் அரண்டுபோகிறார்கள். பிள்ளை கற்றதை இழக்கிறாள் என்று அதற்கு அர்த்தமில்லை. ஐக்யூ என்பது அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் மார்க். மற்றவர்கள் பத்துப் படி ஏறும்போது இவள் ஆறு படி ஏறுகிறாள், அதனால் ஒப்பீட்டு மார்க் குறைகிறது. ஏறாமல் இல்லை. கதிர் பெறும் வயது குறையக் குறைய, அளவு கூடக் கூட, இந்த இடைவெளி பெரிதாகும்.

உயரம் தனிக் கதை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும் கதிர் படும். முதலில் அடி வாங்குவது வளர்ச்சி ஹார்மோன். 18 கிரே தாண்டினாலே அதற்குச் சிரமம்தான். இன்னும் கூடினால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், நோய் நொடியை உடம்பு தாங்க உதவும் கார்ட்டிசோலைத் தூண்டும் ஹார்மோன். போதாதற்கு முதுகுத்தண்டுக்குக் கொடுத்த கதிர் கழுத்திலுள்ள தைராய்டையும் தொட்டுத்தான் போகும். தண்டெலும்புகளே வளராததால் கால் நீண்டு உடம்பு குட்டையாக இருக்கும். உங்கள் டாக்டரிடம் உட்கார்ந்த உயரத்தையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, காது. கீமோவில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து இருந்ததா?

மல்லிகைச்செடி | புதன், இரவு 10:15

ஆமாம் டாக்டர், ஃபைலில் சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின் என்று இருக்கிறது. காது கேட்கிறதே, கூப்பிட்டால் திரும்புகிறாள்.

கரண்ட்காரன் தம்பி, காலையில் எழுந்ததும் ஸாரி கேட்டேன். "எதுக்கும்மா?" என்றாள்.

கதிர்மேசை | வியாழன், காலை 7:30

கூப்பிட்டால் திரும்புவது சோதனை ஆகாது. சிஸ்பிளாட்டின் முதலில் கெடுப்பது கீச்சென்ற உச்ச ஒலிகளை. குரல் கேட்கும். ஸ, ஷ மாதிரி எழுத்துகள் கரைந்துபோகும். இரைச்சலான வகுப்பில் பாதிச் சொல்லை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆடியோகிராம் (காது கேட்கும் சோதனை) எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று பாருங்கள். கவனம் இல்லை என்று டைரியில் வருவதில் கொஞ்சம் காதுக்கும் பங்கு இருக்கலாம்.

கோண்டாவில் அம்மம்மா | வியாழன், மாலை 5:10

பிள்ளையள், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்ர மகளின்ர பிள்ளைக்கு அஞ்சு வயசில மகரகம புற்றுநோய் ஆசுப்பத்திரியில வைச்சுத் தலைக்குக் கரண்ட் பிடிச்சது. எட்டரை வயசில பெரியபிள்ளை ஆகிட்டாள். அதுக்கு முதல் ஒரு வருசம் கிடுகிடுவெண்டு வளந்தவள். வருத்தக்காரப் பிள்ளை தேறி வளத்தியா வாறாள் எண்டு எங்களுக்குச் சந்தோசம். சாமத்தியவீடும் சின்னதாச் செய்தனாங்கள். பிறகு பாத்தா வளத்தி அப்பிடியே நிண்டு போச்சு. இப்ப பதினைஞ்சு வயசு, என்ர தோளுக்கும் வரேல்லை. கிளினிக்கில டொக்டர் கேட்டார், ஏன் அம்மா அப்பவே கூட்டிக்கொண்டு வரேல்லை எண்டு. ஆருக்குத் தெரியும் தம்பி? எங்கட வீட்டுப் பெண்டுகள் எல்லாரும் நேரத்தோட ஆகிறவை எண்டுதான் நான் நினைச்சன்.

கதிர்மேசை | வியாழன், இரவு 9:00

அம்மா, உங்கள் மேல் தவறில்லை, பல டாக்டர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். தலைக்குக் கதிர் வைத்த குழந்தைகளுக்கு, முக்கியமாகச் சிறு வயதிலேயே வைத்த பெண் குழந்தைகளுக்கு, பூப்பு முந்தி வரலாம். பூப்பு வரும்போது எந்தப் பிள்ளையும் கிடுகிடுவென வளரும். அந்த வளர்ச்சி, வளர்ச்சி ஹார்மோன் குறைவை மறைத்துவிடும். பிறகு எலும்பு முனைகள் மூடிக்கொண்டால் செய்வதற்கு அதிகம் இல்லை. பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன் உடம்பில் மாற்றம் தெரிந்தால் உடனே ஹார்மோன் டாக்டரிடம் போக வேண்டும். எல்லையை ஒட்டி வந்தாலும், தலைக்குக் கதிர் வைத்த பிள்ளை என்றால் காத்திருக்கக் கூடாது. பூப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்க ஊசி இருக்கிறது.

மூலிகைமணி | வெள்ளி, காலை 9:45

கதிர், கீமோ எல்லாம் உடம்பைச் சுட்டுப் பொசுக்கும் வைத்தியம். இதற்குத்தான் நம் முன்னோர் வல்லாரையைத் தந்தார்கள். 48 நாள் வெறும் வயிற்றில் வல்லாரைப் பொடி, தேனில் குழைத்து. எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டுக் கொடுங்கள், பிள்ளை முதல் ரேங்க் வாங்குவாள்.

கரண்ட்காரன் | வெள்ளி, காலை 10:02

என் ஆத்தா எனக்கு மூன்று வருஷம் வல்லாரைத் துவையல் கொடுத்தது. துவையல் பிரமாதம். ரேங்க் வரவில்லை.

கதிர்மேசை | வெள்ளி, பகல் 1:15

கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. "எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு" என்ற வரியைத்தான் யாரும் பின்பற்றக் கூடாது என்கிறேன். கார்ட்டிசோல் குறைவுக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை அதைத் திடீரென நிறுத்தினால், ஒரு சாதாரண வாந்தி காய்ச்சலிலேயே ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தாகலாம். நெறியாளர் அந்தப் பதிவை நீக்கினால் நல்லது.

கரும்பலகை | வெள்ளி, இரவு 8:30

நான் அரசுப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்பாசிரியை. வட்டார வள மையத்தில் இருக்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடம் தெரியும்.

மல்லிகை அக்கா, முதலில் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். மிஸ்ஸோடு சண்டை வேண்டாம். அவர் கண்ணுக்கு முடி வளர்ந்து, ஓடி விளையாடும் ஒரு பிள்ளை தெரிகிறாள். நோய் முடிந்துபோன கதை என்று நினைக்கிறார். டாக்டரிடம் ஒரு பக்கத்துக்குத் தமிழில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. போர்டைப் பார்த்து எழுதுவதை நிறுத்துங்கள், பக்கத்துப் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் போதும். எழுதும் நேரம் மிச்சமானால் அவள் கவனிப்பாள். முன் வரிசை, ஃபேன் சத்தத்துக்குத் தள்ளி. பத்துக் கணக்கு கொடுத்தால் அவளுக்கு நாலு. ஒரு நேரத்தில் ஒரே வேலை. வீட்டில் 7 மணிக்கு நோட்டை மூடிவிடுங்கள், முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

பத்தாம் வகுப்புக்கு இப்போதே வேலையை ஆரம்பியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் செவித்திறன் குறைபாடும் கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. மருத்துவக் குழுவின் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதும் ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு வரைக்கும் வாங்கலாம். எந்தச் சலுகை என்பது சான்றைப் பொறுத்தது. இதற்குத் தாள் நடக்க மாதக்கணக்கில் ஆகும். பிப்ரவரியில் ஓடி வருகிறவர்களைத்தான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: சோம்பேறி என்பதும் முத்திரைதான்.

புது அப்பா | சனி, இரவு 1:50

மன்னிக்கவும், இந்த நேரத்தில் எழுதுகிறேன். என் பையனுக்கு 4 வயது. இதே கட்டி. ஆபரேஷன் முடிந்து 12 நாள் ஆகிறது, இன்னும் வார்டில்தான் இருக்கிறோம். அவன் பேசுவதில்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் தண்ணி கேட்டான், அதோடு நின்றுவிட்டது. அடுத்த வாரம் கரண்டுக்கு அளவு எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

இந்த இழையை முதலில் இருந்து படித்தேன். என் அப்பா கரண்டே வேண்டாம், புத்தி மழுங்கிப்போகும், ஊருக்குக் கூட்டிக்கொண்டு வா என்கிறார். கீமோ மட்டும் கொடுத்தால் போதாதா? கையெழுத்துப் போட்டால் நானே அவனைக் கெடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

மல்லிகைச்செடி | சனி, காலை 5:30

தம்பி, நான் எழுதியதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நான் புலம்புவதற்கு ஒரு பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எங்களோடு அந்த வார்டில் இருந்த ஒரு குடும்பம் பாதியில் ஊருக்குப் போனார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பேச்சு வரும். இவளுக்கும் மூன்று வாரம் பேச்சே இல்லை. முதலில் வந்த வார்த்தை "முறுக்கு".

கதிர்மேசை | சனி, காலை 8:20

புது அப்பா, பேச்சு நின்றது கதிரால் இல்லை, இன்னும் கதிரே கொடுக்கவில்லையே. சிறுமூளையில் அறுவை செய்த பிள்ளைகள் சிலருக்கு ஓரிரு நாளில் இப்படிப் பேச்சு அடங்கிவிடும். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லத் திரும்பும். பேச்சுப் பயிற்சியாளரை இப்போதே கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. 1925இல் கஷிங், பெய்லி என்ற இரண்டு டாக்டர்கள் இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்த காலத்தில் பெரும்பாலும் அறுவைதான் வைத்தியம். அறுவையோடு விட்ட பிள்ளைகள் ஏறக்குறைய யாருமே நிலைக்கவில்லை. மூளை, தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பிழைத்தார்கள். இன்று பரவாத கட்டியில் 5 ஆண்டு தாண்டுவோர் நூற்றுக்கு 80 பேர் அளவில்.

"குறைத்துக் கொடுத்தால் என்ன?" என்று உலகம் முழுக்க முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்றில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 23.4க்குப் பதில் 18 கிரே கொடுத்தார்கள். மூளையைக் காப்பாற்றலாம் என்ற நல்லெண்ணம்தான். குறைத்த பக்கம் நோய் திரும்பியது அதிகம். 2021இல் முடிவு வந்தது. அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: இறுதிக் கட்டக் கதிரைச் சிறுமூளைப் பகுதி முழுவதற்கும் கொடுக்கத் தேவையில்லை, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் போதும்.

3 வயதுக்குக் கீழே என்றால் கீமோவால் கதிரைத் தள்ளிப்போட முயல்வோம். 4 என்பது விளிம்பு. அதனால் இதைக் கேளுங்கள்: கட்டியின் மூலக்கூறு வகை என்ன? வின்ட், சோனிக் ஹெட்ஜ்ஹாக், குரூப் 3, குரூப் 4 என்று நான்கு இருக்கின்றன, பிழைக்கும் வாய்ப்பு வகைக்கு வகை மாறும். மிகச் சிறு பிள்ளைகளில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் வகையில் ஒரு பிரிவுக்குக் கீமோ மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. உங்கள் பையன் அந்தக் கணக்கில் வருவானா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். வரவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். அறுவைக்கும் கதிருக்கும் இடையே வாரங்கள் நீண்டால் பலன் குறைகிறது.

தாம்பரம் 77 | சனி, பகல் 12:10

சென்னையில்தான் புரோட்டான் என்ற புது வகைக் கதிர்ச் சிகிச்சை வந்துவிட்டதே? அதில் கொடுத்தால் படிப்பு பாதிக்காது என்கிறார்களே. வீட்டை விற்றாவது கொடுக்கலாமே.

கதிர்மேசை | சனி, மாலை 4:45

வீட்டை விற்கும் முன் இதைப் படியுங்கள். சென்னையில் 2019 முதல் இருக்கிறது, நவி மும்பையில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கார்கர் மையத்திலும் உண்டு. புரோட்டானின் சிறப்பு, இலக்கில் போய் நின்றுவிடும், அந்தப் பக்கம் தாண்டாது. முதுகுத்தண்டுக்குக் கொடுக்கும்போது இதயம், குடல், தைராய்டு தப்பிக்கும். இறுதிக் கட்டக் கதிரில் காதும் மூளையின் பக்கப் பகுதிகளும் பெருமளவு தப்பிக்கும். அறிவுத்திறன் சற்று நன்றாக இருந்ததாக ஆய்வுகளும் வந்திருக்கின்றன. ஆனால் இந்தக் கட்டிக்கு முழு மூளையும்தான் இலக்கு. அந்த 23.4 கிரே எந்த இயந்திரத்தில் கொடுத்தாலும் முழு மூளைக்கும் 23.4 கிரேதான். "பாதிக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வசதி இருந்தால் நல்லது, இல்லாததற்காகக் கடன்பட்டு, காத்திருந்து, நாளைத் தவறவிடுவது நல்லதில்லை.

கரண்ட்காரன் | ஞாயிறு, காலை 7:00

புது அப்பா, ஒரு சின்ன வரலாறு. ரத்தப் புற்றுநோய்க்குத் தலைக்குக் கதிர் என்பதை 60களில் அமெரிக்காவின் மெம்பிஸில் ஒரு ஆஸ்பத்திரியில் டொனால்ட் பின்கெல் என்ற டாக்டரின் குழு கொண்டுவந்தது, 24 கிரே. அதற்கு முன் இந்த நோய் வந்தால் பிழைப்பது அபூர்வம், அதற்குப் பின் பாதிப் பேர் பிழைத்தார்கள். பிறகு 18 ஆனது, அப்புறம் 12. கடைசியில் அதே ஆஸ்பத்திரி கீமோவை நுணுக்கமாகக் கொடுத்து, கதிரே இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்து 2009இல் காட்டியது. இன்று என் வகையறா நோய்க்குப் பெரும்பாலும் கரண்ட் கிடையாது. நான் பிறந்தது கொஞ்சம் முந்தி. அதனால் கோபம் இருக்கிறதா என்றால், சில நாள் இருக்கும். பெரும்பாலும் ஆபீஸுக்கு லேட் ஆகிவிட்டது என்ற கவலைதான் இருக்கும்.

முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டாம். 31 வயதில்தான் எனக்கு வளர்ச்சி ஹார்மோன் இல்லை என்று தெரிந்தது. அதுவரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு தலைவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது மூளை உறையில் பட்டாணி அளவு ஒரு கட்டி, மெனிஞ்சியோமா. வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தற்செயலாகத் தெரிந்தது. பழைய கதிரின் மிச்சம் என்றார் டாக்டர். வளரவில்லை, வருஷம் ஒருமுறை படம் எடுக்கிறேன்.

கதிர்மேசை | ஞாயிறு, காலை 11:25

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1948 முதல் 1960 வரை இஸ்ரேலில், தலையில் படர்தாமரை வந்த குடியேறிய குழந்தைகள் 10,000க்கு மேற்பட்டவர்களுக்கு முடி உதிரட்டும் என்று கதிர் வைத்தார்கள். புற்றுநோயே இல்லை, வெறும் தோல்நோய். மூளைக்குப் போனது சராசரியாக 1.5 கிரே. பல பத்தாண்டு கழித்து அவர்களிடம் மெனிஞ்சியோமா பல மடங்கு அதிகமாக இருந்தது. கதிர் அவ்வளவு காலம் காத்திருக்கும். அதனால்தான் "அஞ்சு வருஷம் ஆச்சு, குணமாயிட்டீங்க, இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிடும் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கவாதம், ரத்தக்குழாய் சுருங்குதல், தைராய்டு முடிச்சு எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் யோசிக்க ஒரு டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இழையில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்குங்கள். எத்தனை கிரே, எத்தனை நாள், எந்தெந்த இடம், எந்த கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு. ஒரே ஒரு பக்கம். லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வையுங்கள். பழைய ஃபைல்களை ஆஸ்பத்திரிகள் என்றென்றும் வைத்திருப்பதில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு, 35 வயதில் தலைவலி என்று போனால், "சின்ன வயசுல ஏதோ கரண்ட் வச்சாங்க" என்று மட்டும் சொன்னால் அந்த டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

மல்லிகைச்செடி | இரண்டு மாதம் கழித்து, திங்கள் இரவு

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

தாள் வாங்கிவிட்டோம். மூன்று தடவை அலைந்தேன், ரெக்கார்ட் அறையில் தேடி எடுத்தார்கள். 23.4, மொத்தம் 54, டாக்டர் சொன்ன அதே எண்.

காது: இரண்டு பக்கமும் உச்ச ஒலி போயிருக்கிறது. மெஷின் மாட்டியிருக்கிறோம். முதல் நாள் வீட்டுக்கு வந்து "அம்மா, குக்கர் விசிலுக்கு முன்னாடி ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருது" என்றாள். ஆறு வருஷமாக அது அவளுக்குக் கேட்கவில்லை.

தைராய்டு குறைவு. ஆனால் முதலில் கார்ட்டிசோல் பார்த்துவிட்டுத்தான் தைராய்டு மாத்திரை தருவோம் என்றார்கள், மாற்றிக் கொடுத்தால் ஆபத்தாம். கார்ட்டிசோல் சரியாக இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று, பகலில் தூங்கி வழிவது குறைந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனுக்கு ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து மணிக்கணக்கில் ரத்தம் எடுத்தார்கள். குறைவுதான். ஊசி போட்டால் கட்டி திரும்ப வருமா என்று பயந்து கேட்டேன். அப்படி வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை, ஆனால் முதுகு வளராது, கால்தான் வளரும் என்றார். விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கரும்பலகை மேடம், கடிதத்தோடு போனேன். மிஸ் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஜெராக்ஸ் அவரே எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். கணக்கு இன்னும் 40 மார்க்கைத் தாண்டவில்லை.

புது அப்பா | செவ்வாய், காலை 6:40

எங்கள் வகைக்குக் கீமோ மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். இன்று 9ஆம் நாள். தினமும் மயக்க மருந்து என்பதால் விடிகாலையில் இருந்து பட்டினி, இட்லி கேட்டு அழுகிறான். வாய்விட்டு அழுகிறான், "இத்தி" என்று சொல்லி. அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

முகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்திருக்கிறார்கள் இல்லையா, நர்ஸ் அதில் புலி வரைந்திருக்கிறார். 30 நாள் முடிந்ததும் அதை வீட்டுக்குத் தருவார்களா?

மல்லிகைச்செடி | செவ்வாய், காலை 6:55

கேட்டால் தருவார்கள் தம்பி. எங்களுடையது பரணில் இருக்கிறது. போன வாரம் ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்குதான் இடிக்கிறதாம்.